உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் சைக்கிள்

கற்பிட்டிப் பக்கத்தில் சைக்கிள் வாங்கப் போகும் சகோதரிகள் முதலில் கேட்பது "என்ன விலை?" என்பதுதான். கேட்கத்தான் வேண்டும். எண்ணாமல் எடுத்துக் கொடுக்க நம்மில் யாரிடம் பணம் இருக்கிறது? ஆனால் எங்கள் கரையில் சைக்கிளுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று மணல், மற்றது உப்பு. இந்த இரண்டையும் நினைக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், ஒரு வருடத்துக்குள் சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கும்.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நகரம் வரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தார் ரோடு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். ரோட்டை விட்டு இறங்கினால் தென்னந்தோட்டங்களுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவே போகும் ஒழுங்கைகள் எல்லாம் மணல். நம்மில் பலருடைய வீடுகள் இந்த ஒழுங்கைகளுக்குள்தான் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தார்கள். கிடைத்த காணியில் ஓலைக்கொட்டில் போட்டவர்களுக்கு பஸ் ரோடு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வசதி இருக்கவில்லை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்த எங்கள் குடும்பமும் அப்படித்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பாவின் ரலி சைக்கிள் அங்கேயே வீட்டுச் சுவரில் சாத்தியபடி நின்றுவிட்டது. உம்மா நகையைப் பற்றிப் பேசியதை விட அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அதில்தான் வாப்பா மீன் கொண்டுபோய் விற்று எங்களுக்குச் சோறு போட்டார்.

இப்போது நான் ஆறு கிலோமீற்றர் தள்ளியுள்ள முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் மணல், பிறகு தார், கடைசியில் சிப்பி ஓடு கலந்த கிறவல். 2019இல் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை 8,000 ரூபாவுக்கு வாங்கி, மேலும் 3,000 ரூபா செலவழித்துத் திருத்தினேன். இன்றைக்கு அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனால் சைக்கிள் இன்றைக்கும் ஓடுகிறது.

பக்கத்து வீட்டு ராத்தா உப்பளத்தில் வேலை செய்பவர். கணவரை யுத்தத்தில் பறிகொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வெயில் ஏறிவிட்டால் உப்புப் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் விடியுமுன்னே போயாக வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்தில் பஸ் கிடையாது. த்ரீவீலுக்குக் கொடுத்தே நாள்கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2022இன் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், யூன் மாதக் கடைசியில் 470 ரூபாவானது நினைவிருக்கும். அதுவும் நாட்கணக்கில் வரிசையில் நின்றால்தான். அந்த மாதங்களில் த்ரீவீல் வரவே இல்லை. ராத்தா இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் 46 வயதில் சைக்கிள் பழகுவது என்று முடிவெடுத்தார்.

வெள்ளைக்காரரின் சைக்கிள்

சோளகக் காற்று வீசும் மாதங்களில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடலோடும் விளையாட்டுக்காக வெளிநாட்டவர் கற்பிட்டிக்கு வருவார்கள். அப்படி வந்த ஒருவர் கொண்டுவந்த சைக்கிளுக்குக் காற்றுப் போய், எங்கள் சைக்கிள் கடை நானாவிடம் கொண்டு வந்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹான்டில், முள்ளுமுள்ளாக வெட்டிய டயர். "சைக்ளோகிராஸ்" என்று பெயர் சொன்னார். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் போட்டி வைப்பார்களாம். பிறகு தேடிப் படித்தேன். பெல்ஜியத்தில் கொக்சைடே என்ற கடற்கரை ஊரில் மணற்குன்றுகளுக்கு மேலேயே இந்தப் போட்டி நடக்கிறது. சில்லு புதைந்தால் போட்டியாளர் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். மணலில் இறங்கித் தள்ளுவதை நாம்தான் வெட்கமாக நினைக்கிறோம்!

அந்தச் சைக்கிள் இலட்சக்கணக்கில் விலை போவது. அதற்கு உதிரிப்பாகம் புத்தளம் டவுனில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதை ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை நானா எனக்குக் காட்டிக் கொடுத்தார். டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி. சேறும் மணலும் அடைக்காமல் உதிர்ந்துவிடும். தார் ரோட்டில் ஓடும் பந்தயச் சைக்கிளை விட அகலமான டயர். அந்தப் போட்டியின் சர்வதேச விதிப்படி டயர் 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாதாம். நம்முடைய சாதாரண லேடீஸ் சைக்கிளின் டயர் 37 மில்லிமீற்றர். பழைய 28 அங்குல ஆண்கள் சைக்கிளின் டயர் 40. எனவே நம் முற்றத்தில் நிற்பதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். கற்பிட்டித் தரை சமதரை. ஏற்றமில்லாத இடத்துக்கு கியரும் தேவையில்லை. கியர் உள்ள சைக்கிளில் பின்பக்கச் சின்னப் பற்சில்லுகளுக்குள் மணல் புகுந்து நெரிக்கும் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

பழைய சைக்கிள் வாங்குவதானால்

பெயின்டைப் பார்க்க வேண்டாம்; அடித்து மினுக்கியிருப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பெடல் சுற்றும் அச்சுக்கு அடியில், குழாய்கள் வந்து சேரும் இடத்தில்தான் உப்புத் தண்ணீர் தங்கித் துரு தின்னும். சாவியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தையாகக் கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். பிறகு சீட்டைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கழற்ற முடியாமல் இறுகியிருந்தால் உள்ளேயும் துரு இருக்கிறது. சில்லைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கு அருகே ரிம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆடினால் கம்பிகளை இறுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி ரிம் உளுத்திருந்தால் அதற்கு மருந்தில்லை. முன் கவை வளைந்த சைக்கிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது ஏதோ ஒன்றில் மோதியிருக்கிறது.

டயர் வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "26 டயர்" என்று கேட்டால் கடையில் இரண்டு விதமான டயரை எடுத்துத் தரக்கூடும். லேடீஸ் சைக்கிளின் 26க்கும் மௌன்டன் சைக்கிளின் 26க்கும் அளவு வேறு. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 37-590 என்றோ 50-559 என்றோ இருக்கும். முதல் இலக்கம் அகலம். இரண்டாவது, டயர் போய் உட்காரும் ரிம்மின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். 590 ரிம்முக்கு 559 டயர் ஏறாது. 559 ரிம்மில் 590 டயர் நிற்காது. பழைய டயரில் உள்ள இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிளுக்குப் பாகங்கள் சின்னக் கடையிலும் கிடைக்கும் என்பதால், அறியாத பெயருள்ள மலிவுச் சைக்கிளை விட அதன் பழையதொன்று எனக்கு உத்தமமாகப் படுகிறது. விற்பவரிடம் அடையாள அட்டை இலக்கத்துடன் ஒரு கடிதமும், சட்டத்தில் பொறித்த இலக்கமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். களவுச் சைக்கிள் என்று பொலிஸ் பிடித்தால் நம் வார்த்தை எடுபடாது.

காசுக்காக வாரக்கடன் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சைக்கிள் பழையதாகும் முன்பே வட்டி அதன் விலையைத் தாண்டிவிடும். நாங்கள் பத்துப் பேர் சீட்டுக் கட்டினோம். ராத்தாவுக்கு இரண்டாவது மாதமே கொடுத்தோம். விடியுமுன் போக வேண்டியவர் அவர்தானே.

உப்புக் காற்று முதலில் பிடிப்பது செயினைத்தான். பலர் செய்வது, கராஜிலிருந்து கழிவு ஒயில் வாங்கித் தாராளமாக ஊற்றுவது. எங்கள் மணலில் அது கூடாது. ஒயிலில் மணல் ஒட்டி அரைமா மாதிரி ஆகி, செயினையும் பற்சில்லையும் அரைத்துத் தின்றுவிடும். தேங்காயெண்ணெயும் சரிவராது, காய்ந்து பிசினாகும். வாரத்துக்கு ஒரு தடவை, மண்ணெண்ணெய் தோய்த்த பழந்துணியால் செயினைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு தையல் மெசின் ஒயிலை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒயில் கண்ணிக்குள் இருந்தால் போதும். கடலோரமாகப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ரிம்மையும் கம்பிகளையும் துடையுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றிக் கழுவினால் உப்பை நாமே ஏற்றியதாகிவிடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய பிள்ளையின் 12 அங்குல அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 24 கண்ணி தாண்டி வரும் ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அதைவிட பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பற்சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், செலவு இரட்டிப்பாகும்.

பஞ்சர் ஒட்ட ராத்தா இப்போது என்னை விடக் கெட்டிக்காரி. டியூப்பை நீர்ச்சட்டியில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் தெரியும். ஒட்டுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்கத்தான் மறந்துபோகிறோம். நெருஞ்சி முள்ளோ சிப்பித் துண்டோ உள்ளே இருந்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தும். பழைய வகை வால்வுக்குள் உள்ள சின்ன ரப்பர் குழாய் இற்றுப்போனாலும் காற்று இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்ற முன் அதைப் பாருங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹபாயா, சாரி, நீண்ட பாவாடை எதுவானாலும் செயினுக்குள்ளும் பின் சில்லுக்குள்ளும் இழுபடும். செயின் கவர் கழன்றிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைப் பூட்டுங்கள். பின் சில்லின் இரு பக்கமும் பழைய மீன்வலைத் துண்டை இழுத்துக் கட்டலாம். நான் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். கரியரில் பிள்ளையை வைக்கும்போது அதன் கால் கம்பிக்குள் போகாமல் இருக்கவும் அதே வலை உதவும். சால்வை, முந்தானை நுனிகளை முன்பக்கமாகச் சொருகிக்கொள்ளுங்கள். நுரைச்சோலைப் பக்கம் லொறிகள் வேகமாக வரும். விடியற்காலையில் போகிறவர்கள் பின் மட்காட்டில் சிவப்பு ஒளித்தெறிப்பானும் முன்னால் ஒரு டோர்ச்சும் கட்டாமல் ரோட்டில் ஏற வேண்டாம்.

"இந்த வயசில பொம்பிள சைக்கிளா?" என்று ராத்தாவிடமும் கேட்டார்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். அங்கும் இதே பேச்சுத்தான் இருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்: பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சைக்கிள் பழகிவிட்டார்கள், லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள், நடுக் குழாயில் பிள்ளையை இருத்தலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஆசிரியையும் தாதியும் மாணவியும் சைக்கிளில்தான் போனார்கள். அங்கே யாரும் வயதைக் கேட்கவில்லை.

2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு, வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப் என்ற அமைப்பு இலங்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது. அந்த அமைப்பு 2005இல் உருவானதே இந்த வேலைக்காகத்தான். பிறகு ஆபிரிக்க நாடுகளுக்குப் போனபோது, சைக்கிளோடு சேர்த்து அந்தந்த ஊரில் திருத்துபவர்களையும் பயிற்றுவித்தார்கள். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது. எங்கள் ஊரில் திருத்துபவர் ஒரேயொரு நானா, அவருக்கும் வயதாகிவிட்டது.

ஆகவே சீட்டுக் கட்டிய பத்துப் பேரும் மீதிப் பணத்தில் ஒரு கைப்பம்பு, இரண்டு டயர் நெம்பி, பஞ்சர் ஒட்டும் பசை, அரத்தாள், 15 இலக்கச் சாவி, ஒரு போத்தல் ஒயில் வாங்கி பிஸ்கட் தகரமொன்றில் போட்டு வைத்திருக்கிறோம். மாதத்தின் கடைசி வெள்ளி அஸருக்குப் பிறகு நானா வந்து ஒரு மணித்தியாலம் சொல்லித் தருவார். சென்ற மாதம் பின் சில்லின் அச்சைக் கழற்றி, குண்டுகளைக் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டினோம். ராத்தாவின் மூத்த மகள் பூட்டிய சில்லை ஒரு தரம் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும் வரை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கம்பி இறுக்கப் பழக வேண்டும்.