நடுப்பகலில் கார் எங்கே நிற்கிறது?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவரும் சரி, மொட்டை மாடியில் சோலார் போட நினைப்பவரும் சரி, முதலில் கேட்பது "எத்தனை பேனல் வேண்டும்?" என்றுதான். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். அதை முதலில் போட்டுவிடுவோம். உண்மையான கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது.

நகரத்தில் வேலைக்குப் போய்வரும் கார் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற நடுத்தர மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு நாளுக்கு ஏறத்தாழ 6 யூனிட். சுவர் பிளக்கிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரி ஏற்பது நேர்திசை மின்சாரம். இந்த மாற்றத்தைக் காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் செய்கிறது. அப்போது பத்தில் ஒரு பங்கு வரை வெப்பமாக வீணாகும். அதையும் சேர்த்தால் மீட்டரில் 7 யூனிட் ஓடும்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல், வெயிலும் மழையுமாக வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால், தினமும் 4 யூனிட் தருகிறது. அப்படியென்றால் காருக்கு 2 கிலோவாட் போதும். 540 வாட் பேனல் நான்கு. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்பது சோலார் மாட்டுகிறவர்கள் சொல்லும் வாய்க்கணக்கு. அதன்படி 200 சதுர அடி மாடி ஒரு காரை வருடம் முழுக்க ஓட்டிவிடும். இதே 40 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் இரண்டரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்தப் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றலை யூனிட்டாக மாற்றினால் 20-ஐத் தாண்டும். அதில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போவதில்லை. எஞ்சின் சூடாகவும் புகைச் சூடாகவும் தெருவில் கரைகிறது.

பேனலைக் காரின் தலையிலேயே ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கார்க் கூரையில் பேனலுக்குத் தேறும் இடம் 2 சதுர மீட்டர் அளவுதான். அது 400 வாட். நாளெல்லாம் வெயிலில் நின்றால் ஒன்றரை யூனிட், அதாவது 10 கிலோமீட்டர் ஓட்டம். நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. கூரையிலும் பானெட்டிலும் பேனல் பதித்த காரை நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனம் 2022 கடைசியில் தயாரிக்கத் தொடங்கி, 2023 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. வீட்டு மாடிதான் இதற்குச் சரியான இடம்.

மாடிக்கும் சில குணங்கள் உண்டு. 540 வாட் என்று பேனலின் முதுகில் அச்சிட்டிருப்பது ஆய்வகத்தில் அளந்த எண். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் எடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் நம் மாடியில் பேனலைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது. 60 டிகிரிக்கு மேல் இருக்கும். சிலிக்கானுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு ஆகாது. சூடு ஏற ஏற அதன் மின்னழுத்தம் இறங்குகிறது. 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். 60 டிகிரியில் நிற்கும் பேனல் அந்த வகையில் மட்டுமே 12 சதவீதத்தை இழந்திருக்கும். வானம் தெளிவாகவும் காற்று இதமாகவும் இருக்கும் மாசி, பங்குனி நாட்களில் பேனல் மகிழ்ச்சியாக வேலை செய்வது இதனால்தான். பேனலைத் தரையோடு ஒட்டிப் படுக்கப்போடாமல், அடியில் காற்றோட்டம் இருக்கும்படி கால் கொடுத்து உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள். துணி காயப்போடவும் இடம் மிஞ்சும்.

நிழல் இன்னும் பொல்லாதது. பேனல்கள் திருவிழா சீரியல் செட் பல்புபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழலோ ஒரு பேனல்மேல் விழுந்தால், இழப்பு அந்த இடத்தோடு நிற்காமல் வரிசையையே பாதிக்கிறது. இதைக் குறைக்கவே ஒவ்வொரு பேனலிலும் நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு போக டயோடுகள் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும், கூட இரண்டு பேனல் வாங்குவதைவிட நிழல் படாத இடம் தேடுவது மேல். துடைப்பதற்கும் ஒரு வார்த்தை: போர் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். நல்ல தண்ணீரால், வெயில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும்.

இனிதான் விஷயம். பேனல் நன்றாக உழைப்பது காலை 9 முதல் மாலை 4 வரை. வேலைக்குப் போகிறவரின் கார் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் அடித்தளத்தில், வெளிச்சமே படாத இடத்தில் சும்மா நிற்கிறது. கார் வீடு திரும்பி வயரைச் செருகும்போது மணி ஏழு. சூரியன் மறைந்துவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்புவது நெட் மீட்டர். பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. இரவில் வேண்டியது அங்கிருந்து வருகிறது. போனதையும் வந்ததையும் மீட்டர் கழித்துக் கணக்குச் சொல்லும். மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகும். பணக்கணக்கில் இது நல்ல ஏற்பாடு. தினம் 7 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓட்டும் வீடு 800-ஐத் தாண்டும். நம் கட்டணமோ படிப்படியாக ஏறுவது. 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் விலை. தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படியின் சலுகையும் குறைந்துவிடுகிறது. சோலார் முதலில் வெட்டிச் சாய்ப்பது இந்த உச்சிப் படிகளைத்தான். ஆகவே காரும் பேனலும் சேர்ந்து வரும்போது பேனலில் போட்ட முதல் சீக்கிரம் திரும்புகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய்.

ஆனால் பில்லில் சுழியம் வந்ததைப் பார்த்து, நம் கார் சூரியனில் ஓடுகிறது என்று நினைத்தால் அது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே உண்மை. பகலில் நம் பேனல் தந்த மின்சாரம் அந்த நொடியிலேயே பக்கத்து வீட்டு மிக்ஸியிலும் எதிர்க்கடை ஃபிரிட்ஜிலும் செலவாகிவிட்டது. கம்பி எதையும் சேர்த்துவைப்பதில்லை. இரவு ஏழரைக்குக் காருக்குள் ஏறுவதில் பெரும்பங்கு வட சென்னையிலோ தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ அப்போது எரிந்துகொண்டிருக்கும் நிலக்கரி. அல்லது நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. அதுவும், ஊரே விளக்குப் போட்டு டிவி போட்டு ஏசி போடும் நேரம். மின்வாரியம் மூச்சு வாங்கும் நேரம்.

நம் மாநிலத்துக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களிலும் காற்று இரவிலும் வீசுகிறது. முப்பந்தலின் காற்றாலைகள் ஆடி மாதத்து நள்ளிரவிலும் சுழல்கின்றன. அந்த மாதங்களில், வந்ததும் செருகாமல், நள்ளிரவுக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்தால் காருக்குள் போவதில் காற்றும் கணிசமாகக் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அடைமழை நாளில் வழக்கமான உற்பத்தியில் கால்வாசிகூடத் தேறாமல் போவதுண்டு.

ஆகவே முடிந்தபோதெல்லாம் பகலில் ஏற்றுங்கள். இதைப் பலரும் முயலாததற்குக் காரணம், காரைக் கைப்பேசிபோல நினைப்பதுதான். கைப்பேசியைத் தினமும் இரவில் போட்டாக வேண்டும். காரை அப்படிப் போட வேண்டியதில்லை. 30 யூனிட் பேட்டரி உள்ள சிறிய காரே நான்கு நாள் அலுவலக ஓட்டத்தைத் தாங்கும். சனி, ஞாயிறு கார் வீட்டில்தானே நிற்கிறது? 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் உச்சிவேளையில் 2.3 கிலோவாட் அளவுக்குத் தரும். வீட்டுப் பிளக்கில் செருகும் சார்ஜரை 10 ஆம்பியருக்கு வைத்தால் அது இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. காலை ஒன்பதரைக்குச் செருகி மதியம் இரண்டரைக்கு எடுத்தால் ஒரு நாளில் 10 யூனிட்டுக்கு மேல். இரண்டு நாளும் சேர்ந்தால் ஐந்து வேலைநாளில் மூன்று நாள் ஓட்டம் சூரியனிடமிருந்தே நேராக வந்துவிடும். வாஷிங் மெஷினும் ஏசியும் அந்த நேரத்தில் பங்குக்கு வரும்தான். ஒன்றிரண்டு யூனிட்டை அவற்றுக்குக் கொடுத்தாலும் கணக்கு கெடாது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் எல்லா நாளும் ஞாயிறுதான்.

மேகத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் சார்ஜர்களும் வந்துவிட்டன. அவை வேலை செய்யும் விதம் அழகானது. சார்ஜருக்கும் காருக்கும் இடையில் உள்ள கேபிளில், மின்சாரம் போகும் தடித்த கம்பிகளோடு மெல்லிய கம்பி ஒன்று பேசுவதற்காகவே இருக்கிறது. அதில் விநாடிக்கு 1000 துடிப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதுதான் செய்தி. 10 சதவீத நேரம் நின்றால் "6 ஆம்பியருக்கு மேல் எடுக்காதே" என்று பொருள். 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். மீட்டர் அருகே மாட்டிய உணர்கருவி, வெளியே போகும் மிச்ச மின்சாரத்தை அளந்து சொல்ல, சார்ஜர் துடிப்பின் நீளத்தை மாற்ற, கார் கீழ்ப்படிகிறது. 6 ஆம்பியருக்குக் கீழே இந்த மொழியில் சொல்லே இல்லை. அதாவது 1.4 கிலோவாட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் நின்றுவிடும். பேனல் 2 கிலோவாட்டுக்குக் குறைவாகப் போட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலர் ஏமாறும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி. சோலார்காரர் "இன்வெர்ட்டரும் சேர்த்துத்தான் விலை" என்று சொல்லும்போது, இனி மின்வெட்டுக் கவலை இல்லை என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சோலார் இன்வெர்ட்டர் வேறு. பேனலின் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கிக் கம்பியோடு தாளம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ஊரில் கரண்ட் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். நிற்கவும் வேண்டும். கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைச் சீர்செய்யும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரி இல்லாத சோலாரால் ஒரு மின்விசிறியைக்கூடச் சுற்றவைக்க முடியாது.

உதவக்கூடியது காரேதான். 2011-இல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின், மறு ஆண்டே நிஸான் நிறுவனம் தன் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2023-இல் வந்த புதிய நெக்ஸான் மின்சாரக் காரில், வெளிக்கருவிகளுக்குச் சுமார் 3 கிலோவாட் வரை தரும் வசதி இருக்கிறது. அதிலிருந்து தனி வயர் இழுத்து ஃபிரிட்ஜையும் விசிறியையும் ஓட்டலாம். வீட்டுப் பிளக்கில் தலைகீழாகச் செருகி வீட்டு வயரிங்குக்குள் அனுப்பும் வேலையை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அது ஆளைக் கொல்லும்.

வயரிங்கைப் பற்றியும் அதே கண்டிப்போடு சொல்கிறேன். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுப்பதும் கார் எட்டு மணி நேரம் இழுப்பதும் ஒன்றல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி டிரிப்பர், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி, நல்ல எர்த் ஆகிய நான்கும் வேண்டும். பழைய வீடுகளில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி வருடக்கணக்கில் தண்ணீர் காணாமல் செத்துப்போயிருக்கும். சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி ஏற மறுத்தால் காரைக் குறை சொல்லாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியவை. மீதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. தினசரி 7 யூனிட்டுக்கு ஒரு சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 3 மணி நேரம் போதும். அதாவது, அலுவலக நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் இருந்தால், உணவு இடைவேளையில் மாற்றிச் செருகி இரண்டு கார்களைப் பகலிலேயே நிரப்பிவிடலாம். அதிவேக சார்ஜர் எதுவும் தேவையில்லை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் என எல்லாவற்றுக்கும் பரந்த மாடி உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களின் வண்டிகள் சரியாக வெயில் நேரத்தில் அங்கேதான் நிற்கின்றன. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று விசாரித்து, நிறுத்துமிடத்தில் எர்த்தோடு கூடிய 15 ஆம்பியர் பிளக் நான்கும் தனி மீட்டரும் வைத்துத் தரும்படி ஒரு கடிதம் எழுதுங்கள். கார் வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள்.