பத்திரம், பத்திரம்!

பத்திரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, முத்திரைத் தாளில் எழுதிய ஆவணம். மற்றொன்று, விழிப்பாக இரு என்னும் எச்சரிக்கை. மனை வாங்கப் புறப்படும் தொழிலாளத் தோழர்கள் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, 1878-ல் இராஜாஜி பிறந்த ஊர். அவருடைய தந்தையார் அங்கே கிராம முன்சீபு. எந்த நிலம் எவருடையது என்று அந்நாளில் ஊருக்கே தெரியும். இன்றோ? ஓசூரில் சிப்காட் வந்தது, ஆலைகள் எழுந்தன, 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. கேழ்வரகு விளைந்த மண்ணில் கல் நட்டு மனை விற்கிறார்கள். விற்பவர் யாரோ, வாங்குபவர் எந்த மாவட்டத்தாரோ! வாய்ச்சொல்லுக்கு இனி மதிப்பேது? எழுத்தே சாட்சி, அதுவும் பதிவான எழுத்தே சாட்சி.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது? நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவாக வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவாகாத கிரயம் நிலத்தை நமக்குத் தராது. செலவு மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவர், பணம் கொடுத்துத் தாள் வாங்கியவரே தவிர நிலம் வாங்கியவரல்லர்!

“பவர் எழுதித் தருகிறேன், அது போதும்” என்பார் சிலர். போதாது, தோழர்களே! பவர் வைத்திருப்பவர் உரிமையாளருக்காகக் கிரயம் எழுதித் தரலாம். ஆனால் பவரே கிரயமாகிவிடாது. உச்சநீதிமன்றம் 2011-ல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை. இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தராது. விற்றவருக்கு உரிமை இருந்தால்தான் வாங்கியவருக்கும் உண்டு. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவுக்கு வராத ஒப்பந்தத்தையும், பாகம் கேட்கக் காத்திருக்கும் பங்காளியையும் அது காட்டாது. பூர்வீகச் சொத்தென்றால் வீட்டுப் பெண்களின் பங்கையும் விசாரியுங்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமாயிற்று. அக்காள் தங்கையின் கையெழுத்தில்லாத கிரயம் நாளை வழக்காக வாசலில் நிற்கும்.

அங்கீகாரம் பெறாத மனையா? 2016-லேயே அதன் பதிவுக்குத் தடை வந்தது. அங்கீகார எண்ணைப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்.

செலவுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஐந்து லட்ச ரூபாய் மனைக்கு 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. அதாவது 5,000 ரூபாய் மிச்சம். மனைவியின் பெயரில் வாங்குங்கள். அவருக்கு உரிமை, உங்களுக்கு மிச்சம்!

சர்க்காரைக் கேட்க வேண்டியதும் உண்டு. பதிவு ஒரு துறை, பட்டா இன்னொரு துறை. முழு மனை கைமாறினால் பட்டா தானாக மாற வழி வந்திருக்கிறது. உட்பிரிவு என்றாலோ சர்வேயரை எதிர்பார்த்துத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து நடக்கிறான். அளந்து தருவதற்கு நாள் குறித்து, அந்த நாளுக்குள் தரவேண்டும். அலுவலக வாசலில் நிற்கும் தரகரின் பிடியும் தளர வேண்டும்.

கழகத் தோழர்களுக்கு ஒரு சொல். எழுத்தறியாத தொழிலாளி பத்திரத்தை நீட்டினால் நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். நான்கு எல்லையும் அளவும் சர்வே எண்ணும் சரிதானா என்று பாருங்கள். இருபதாண்டு வியர்வை அந்த நான்கு எல்லைக்குள் இருக்கிறது. அதைக் காப்பதும் இயக்கப் பணியே!