எண்களுக்கு ஒரு கருப்பை

பாடசாலையில் 'தாயம்' என்று தமிழில் படித்த கணக்கு, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் ஆங்கில விரிவுரையில் 'மெற்றிக்ஸ்' ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் 'அணி'.

எண்களை நிரை, நிரலாக அடுக்கும் இந்த அமைப்புக்கு 1850இல் பெயர் வைத்தவர் ஆங்கிலேயக் கணிதர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். இலத்தீனில் 'மாற்றர்' என்றால் தாய். அதன் வழிவந்த 'மாற்றிக்ஸ்' கருப்பையைக் குறிக்கும். சில நிரைகளையும் நிரல்களையும் நீக்கினால், ஒரே அடுக்கிலிருந்து பல துணிகோவைகள் (டிற்றர்மினன்ற்கள்) பிறக்கின்றன. அதைக் கண்டே அவர் அப்பெயரைத் தேர்ந்தார். எவ்வளவு பொருத்தம்!

தாயங்களைக் கூட்டவும் பெருக்கவும் 1858இல் முறை வகுத்தவர் அவருடைய நண்பர் ஆதர் கெய்லி. பாலத்தின் சட்டங்களில் எழும் விசைகளைக் கணிக்கப் பொறியியலாளர்கள் இன்று நாடுவது அந்த முறையைத்தான்.

நம் பாட்டன்மார் எழுதிய 'மெற்றிக்குலேசன்' பரீட்சையின் பெயரும் 'மாற்றிக்ஸ்' என்ற அதே இலத்தீன் வேரில் முளைத்ததே.