சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது? காரணம் ரைபோசோம்!

சளி பிடிச்சா உடனே மெடிக்கல் ஷாப்பில் 'ஒரு அஜித்ரோமைசின் குடுங்க' என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த மாத்திரை உள்ளே போய் எதைத் தாக்குகிறது தெரியுமா? பாக்டீரியாவின் ரைபோசோமை.

ரைபோசோம் என்ன செய்கிறது?

செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம் இதுதான். எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு டிஎன்ஏவில் இருக்கிறது. அதன் நகல்தான் எம்ஆர்என்ஏ. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மொத்தம் 64 மூன்றெழுத்துகள். அவற்றில் 61, அமினோ அமிலங்களைக் குறிப்பவை. மீதி 3, 'இத்தோட நிறுத்து' என்று சொல்பவை. அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம் ரெடி.

டிஆர்என்ஏவுக்கு என்ன வேலை?

சரியான அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது. இதன் ஒரு முனையில் அமினோ அமிலம் இருக்கும். இன்னொரு பக்கம் மூன்றெழுத்து இருக்கும். அது எம்ஆர்என்ஏவின் மூன்றெழுத்தோடு ஜோடி சேர்ந்தால்தான் உள்ளே இடம். இல்லன்னா வெளியே!

ரைபோசோமில் மூன்று இருக்கைகள். புது டிஆர்என்ஏ முதல் இருக்கையில் வந்து உட்காரும். நடு இருக்கையில் இருப்பது, அதுவரை கோத்த சங்கிலியைப் பிடித்திருக்கும். அந்தச் சங்கிலி அப்படியே புதுசாக வந்ததன் கைக்கு மாறும். பிறகு எல்லோரும் ஒரு இருக்கை நகர்வார்கள். கை காலியானது கடைசி இருக்கை வழியாக வெளியேறும். பாக்டீரியாவில் ஒரு நொடிக்குள் இது பத்து தடவைக்கு மேல் நடந்துவிடும்.

மருந்து எங்கே தடுக்கிறது?

ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மருந்துகள் அதில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதையும் அவர்களின் ஆய்வுகள் காட்டின. எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின், டிஆர்என்ஏவை முதல் இருக்கையில் உட்கார விடாது. அஜித்ரோமைசின், புரதச் சங்கிலி வெளியே வரும் பாதையை அடைக்கும். நம் ரைபோசோமின் அமைப்பு கொஞ்சம் வேறு என்பதால் நமக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை.

அப்போ சளிக்கு?

பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். அதற்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது, நம்முடையதைத்தான் பயன்படுத்திக்கொள்ளும். மருந்து எதைப் போய்த் தாக்கும்?

ஆனால், நம் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் மேல் அந்த மருந்து படும். மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிக்கொண்ட பாக்டீரியாக்கள் தப்பித்துப் பெருகும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் அதே மாத்திரை கைவிடலாம்.

அதனால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. எழுதிக் கொடுத்தால், சொன்ன நாள் வரை சாப்பிடுங்க.