மினுக்கும் சிவப்பு விளக்கு

விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி இறக்கியாக வேண்டும். வண்டி பதினைந்து வருடம் ஓடிய பிக்கப். பாதி வழியில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குகிறது, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அணைந்துவிடுகிறது. மறுநாள் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டறையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பேட்டரியை மாற்றுகிறார்கள், பிறகு டைனமோவை மாற்றுகிறார்கள். பத்து நாள் கழித்து அதே விளக்கு.

டைனமோ என்று பழக்கத்தில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர். சிலிக்கான் டயோடு வந்தபின், 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் தொடங்கி அது கார்களில் பரவியது. அதன் நடுவே பெல்ட் சுழற்றும் ரோட்டர் ஒரு மின்காந்தம். இரண்டு கார்பன் பிரஷ் வழியாக அதற்குச் சில ஆம்பியர் போகிறது. அந்த அளவைக் கூட்டிக் குறைத்து, வெளிவரும் மின்சாரத்தை 14 வோல்ட் பக்கத்தில் நிறுத்துவது ரெகுலேட்டர்; பட்டறைகளில் அதற்குக் கட்அவுட் என்று பெயர்.

அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு மிகவும் பிடித்த பாகம். பெரும்பாலான பழைய வண்டிகளில் அதன் ஒரு முனை பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். சாவி போட்டதும் பல்பு வழியே போகும் மின்சாரம்தான் ரோட்டரை முதலில் காந்தமாக்குகிறது. சார்ஜ் தொடங்கியதும் இரு முனையிலும் ஒரே வோல்ட். மட்டம் சமமான இரண்டு தொட்டிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடாதது போல, பல்பும் அணைகிறது. ஓடும்போது அது பளிச்சென்று எரிந்தால் உற்பத்தியே நின்றுவிட்டது. மங்கலாக எரிந்தால் டயோடையோ இணைப்பையோ சந்தேகப்படலாம். சாவி போட்டும் எரியவில்லை என்றால் முதலில் பல்பைப் பாருங்கள். அது போய்விட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்வரை சார்ஜ் தொடங்காமல் போகலாம்.

வந்துபோகும் பழுது ஏன் பட்டறையில் ஒளிந்துகொள்கிறது? துரு ஏறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு 50 ஆம்பியர் ஓடினால் அங்கே 1 வோல்ட் காணாமல் போகும். ஆல்டர்னேட்டர் தரும் 14.2 பேட்டரிக்கு 13.2 ஆகத்தான் வந்து சேரும். பகலில், விளக்கெல்லாம் அணைத்து, 5 ஆம்பியர் மட்டும் ஓடும்போது இழப்பு 0.1 வோல்ட். மீட்டரில் அது கண்ணுக்கே படாது. அதனால் ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை நிதான வேகத்தில் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

மீட்டரின் ஒரு கம்பி ஆல்டர்னேட்டரின் தடித்த முனையில், மற்றது பேட்டரி பிளஸ்ஸில். அடுத்து எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அந்த வழியில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயர் கட்டை அசையுங்கள். எண் துள்ளும் இடத்தில் பழுது இருக்கிறது. எண் துள்ளாமல், ஆல்டர்னேட்டரை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் சார்ஜ் வந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மழையில் மட்டும் கீச்சிட்டு விளக்கு எரிந்தால் பெல்ட் வழுக்குகிறது.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும்.

நான் முதலில் படுத்துப் பார்ப்பது எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் திரும்பாது. ஆகவே அந்தச் செம்புப் பின்னல்தான் திரும்பும் பாதை. சேறும் உப்பும் பட்டு அது பச்சை பூத்து, இழை இழையாக அறுந்திருக்கும். கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போக எமரித்தாளால் தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பிறகு இரவில் ஹெட்லைட்டோடு அதே வேகத்தடைகள் மேல் ஓட்டிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.