மகிழுந்துக் கண்ணாடியை உடைத்து வெளியேறுதல்

மகிழுந்துக் கண்ணாடியை உடைத்து வெளியேறுதல் என்பது கதவு திறக்காதபோது உள்ளே சிக்கியவர்கள் கையாளும் கடைசி வழியாகும். சூளகிரி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இணைக்கும் பெங்களூருவில், 2023 மே 21 அன்று கே. ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதை மழைநீரில் மகிழுந்து சிக்கி இளம்பெண் ஒருவர் இறந்தார்.

முன்கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நெகிழிப் படலம் கொண்டது. விரிசல் விடுமேயன்றி எளிதில் வழிவிடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது. கூர்முனைச் சுத்தியலால் அதன் ஓரத்தில் அடித்தால் சிறு துண்டுகளாக நொறுங்கும். சில புதிய வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் படலமுடையதே. கண்ணாடி மூலையிலுள்ள முத்திரையைப் பார்த்து அறியலாம்.

நீர் சூழ்ந்தால் கதவோடு போராடாமல் இருக்கைப் பட்டியைக் கழற்றி உடனே கண்ணாடியை இறக்க வேண்டும். நீருக்குள் சுத்தியல் வீச்சு தளரும். சுருள்வில் உடைப்பான் அங்கும் பயன்படும். தலைசாய்ப்பான் இதற்காகவே அமைக்கப்பட்டது என்பது கட்டுக்கதை. சுத்தியலை டிக்கியில் வைப்பதால் பயனில்லை.