ஐந்தரை மணி வண்டி

வியாசர்பாடியில் அந்த மைதானத்துக்கு மாலை நாலரைக்குப் போனால் முதலில் புழுதிதான் தெரியும். அப்புறம்தான் பையன்கள். சுவரோரமாக, சட்டையை டக்-இன் செய்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் நின்றிருந்தார்.

பி.காம். முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று வருடமும் கல்லூரி அணிக்கு லெஃப்ட் விங். சீட்டே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்ததுதான். இப்போது அமெரிக்க கிரெடிட் கார்டுக்காரர்களின் புகாரைப் போனில் கேட்கும் வேலை. கம்பெனி வண்டி ஐந்தரைக்கு மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். பயிற்சி சூடு பிடிப்பதே அப்போதுதான். அதனால் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, தினமும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்.

“பேர் போடாதீங்க சார். பால் இந்தப் பக்கம் வந்தாக்கூட நான் தொட மாட்டேன். ஷூ போயிடும். சம்பளத்துல வாங்கின மொத ஷூ.”

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பந்து உருண்டு வந்தது. இடது காலின் உள்பக்கத்தால் ஒரு தட்டு. முப்பதடி தள்ளி நின்ற பொடியனின் காலடியில் போய் நின்றது பந்து. கைக்குட்டையை எடுத்து ஷூவைத் துடைத்துக்கொண்டார்.

இளைஞர்கள், கால்பந்து, தேசப் பெருமை என்று எழுதி வரச் சொல்லித்தான் ஆசிரியர் அனுப்பியிருந்தார். உலகக் கோப்பை ஆண்டில் வேறென்ன கேட்பார்? நானும் கடமைக்குக் கேட்டேன்.

“2025 நவம்பர் 18, டாக்காவுல பங்களாதேஷ்கிட்ட ஒண்ணுக்கு ஜீரோன்னு தோத்தோம். அன்னைக்கு ஷிஃப்ட்டுல இருந்த ஒருத்தனுக்கும் அப்படியொரு மேட்ச் நடந்ததே தெரியாது. தோத்ததைவிட அதுதான் சார் கஷ்டமா இருந்துச்சு.”

நமக்கு மறுநாள் காலையில், ஜமைக்காவில் கோல் இல்லாமல் டிரா செய்து உலகக் கோப்பைக்குள் நுழைந்தது குராசோ தீவு. மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். நம் பெரம்பூர் தொகுதியின் வாக்காளர்களே அதைவிட அதிகம். 1951, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் என்று நாம் இன்னும் தாத்தா காலத்துக் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இளைஞருக்குப் பிடித்த கதை குராசோ இல்லை, கேப் வெர்டே. ஐந்து லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம், இதுவும் 2026க்குத் தகுதி பெற்றது. அதன் தற்காப்பு வீரர் ஒருவர் டப்ளினில் பிறந்தவர். முழுநேர ஆட்டக்காரராகும் முன் வங்கியில் வீட்டுக்கடன் ஆலோசகராக இருந்தவர். தேசிய அணிக்கான அழைப்பு, வேலை தேடுவோர் பதிந்துவைக்கும் வலைத்தளத்தில் போர்ச்சுகீசிய மொழியில் வந்தது. ஏதோ குப்பை என்று அவர் பல மாதம் கண்டுகொள்ளவே இல்லை.

“நானும் அந்த சைட்ல இருக்கேன் சார். எனக்கு இன்சூரன்ஸ் விக்கிற வேலைக்குத்தான் மெசேஜ் வருது” என்று சிரித்தார்.

கால்பந்தைக் கிரிக்கெட் விழுங்கிவிட்டது, நிர்வாகம் சரியில்லை என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். என் கவலை வேறு. நம்மிடம் பத்து வயதில் பந்து ஆடுபவர்கள் ஏராளம். இருபத்தொன்றில் அவர்கள் எங்கே போகிறார்கள்? அந்த வயதில்தான் ஆட்டம் முதிரும். அந்த வயதில்தான் வீட்டில் வாடகையும் தங்கையின் ஃபீஸும் முதிர்கின்றன. ஆஃபர் லெட்டர் வருகிற வாரமே ஸ்டட்ஸ் பரண் ஏறிவிடுகிறது.

பயிற்சியாளரிடம் பேசினேன். ஒரு காலத்தில் துறை அணிக்கு ஆடி வேலை வாங்கியவர். “மதியம் கையெழுத்து போட்டுட்டு கிரவுண்டுக்கு வந்துடுவோம். ஆடினா வேலைன்னு இருந்துச்சு. இப்ப பர்மனென்ட் போஸ்ட் எங்க இருக்கு? பசங்க வண்டி ஓட்றான், சாப்பாடு டெலிவரி பண்றான், ராத்திரி கண் முழிக்கிறான்.” டர்ஃப் மைதானம்தான் வந்துவிட்டதே என்றேன். “அது மணிக்கணக்குல காசு. கூடவே ஆட ஆள் வேணும், சார். என் ஆளுங்களுக்கு ஒரே நாள்ல லீவே கிடைக்காது.”

உலகக் கோப்பை நடப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும். அங்கே ஆடும் நேரம் நமக்கு நள்ளிரவு, விடிகாலை. அதாவது அந்த இளைஞரின் ஷிஃப்ட் நேரம். ஸ்டேடியத்தில் ஒரு ரசிகரின் கார்டு வேலை செய்யாமல் தகராறு செய்தால், அவருடைய போன் இவருக்கே வரலாம்!

ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் முன்பே ஹார்ன் கேட்டது. ஓடினார். லெஃப்ட் விங் ஓட்டம்தான், சந்தேகமில்லை.

ஷிஃப்ட் போடும் மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பந்து ஆடுகிற பிள்ளை உங்களிடம் இருந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது வண்டியை ஏழு மணிக்கு அனுப்புங்கள்.